இரண்டு சப்வூஃபர், ஒரே ஆம்ப்: 2 ஓம் கிடைக்குமா?

கேள்வி: என் கார் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 4 ஓம் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) இரண்டு. ஒவ்வொரு சப்பும் 300 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ச்சியான சக்தி) தாங்கும். மோனோ ஆம்ப் (ஒரே சேனல் உள்ள ஆம்ப்ளிஃபயர்) 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட் தரும். 2 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று அதன் கையேட்டில் இருக்கிறது. கடையில் எல்லாக் காயிலையும் பேரலலில் (பாசிட்டிவ் எல்லாம் ஒன்றாக, நெகட்டிவ் எல்லாம் ஒன்றாக) கொடுத்துவிட்டார்கள். சத்தம் கூட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுபோகிறது. 2 ஓம் வரும்படி எப்படி இணைப்பது?

பதில்: இந்த இரண்டு சப்பின் நான்கு காயிலையும் சேர்த்து 2 ஓம் கொண்டுவரவே முடியாது. நான்கு காயிலையும் பேரலலில் கொடுத்தால் 1 ஓம். உங்கள் ஆம்ப் தாங்கும் எல்லையில் அது பாதி. 2 ஓமில் இழுக்கும் மின்னோட்டத்தைப் போல இரண்டு மடங்கு இழுப்பதால் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. அப்படியே ஓட்டினால் உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். இன்றே கழற்றிவிடுங்கள்.

உங்களுக்குச் சரியானது 4 ஓம். சப் ஒவ்வொன்றின் இரு காயிலையும் சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் 8 ஓம். இரண்டு சப்பையும் பேரலலில் ஆம்ப்புக்குக் கொடுத்தால் 4 ஓம். 500 வாட் போய் 300 வாட்தானா என்று வருத்தப்பட வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 2 டெசிபல்தான். ஒரே ஒரு சப்பைப் பேரலலில் போட்டு 2 ஓமில் 500 வாட் கொடுக்கலாமே என்றால், அது 300 வாட் தாங்கும் சப், காயில் கருகும். 2 ஓம்தான் வேண்டும் என்றால் 2 ஓம் இரட்டைக் காயில் சப்புகளாக வாங்கியிருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். முதல் காயிலின் பாசிட்டிவ் ஆம்ப்பின் பாசிட்டிவுக்கு. அதே காயிலின் நெகட்டிவிலிருந்து சிறு வயர் போட்டு இரண்டாம் காயிலின் பாசிட்டிவில் சேருங்கள். இரண்டாம் காயிலின் நெகட்டிவ் ஆம்ப்பின் நெகட்டிவுக்கு. அடுத்த சப்பும் இப்படியே. 12 அல்லது 14 கேஜ் செம்பு வயர் போதும் (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன்). மோனோ ஆம்ப்பில் ஸ்பீக்கர் முனைகள் இரண்டு ஜோடி இருந்தால் ஜோடிக்கு ஒரு சப் கொடுக்கலாம். பெரும்பாலும் அவை உள்ளேயே ஒன்றாக இணைந்தவை. ஜோடிக்கு 2 ஓம் கொடுக்கலாம் என்று நினைத்துத்தான் பலர் 1 ஓமில் போய் நிற்கிறார்கள்.

ஆம்ப்பில் மாட்டுமுன் மல்டிமீட்டரால் பாருங்கள். ஒரு சப் தனியாக 6.5 முதல் 7.5 ஓம், இரண்டும் சேர்ந்து 3.2 முதல் 3.8 ஓம் காட்டும். மீட்டர் அளப்பது டிசி தடை. அது எழுதியிருக்கும் அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆனால் மீட்டர் சொல்லாத தவறு ஒன்று உண்டு. இரண்டாம் காயிலைத் தலைகீழாகக் கொடுத்திருந்தாலும் இதே எண்தான் வரும். ஒரு காயில் தள்ள மற்றது இழுக்கும், கூம்பு அசையாது, மின்சாரமெல்லாம் சூடாகிவிடும். அதனால் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் வைத்தால் கூம்பு வெளியே குதிக்க வேண்டும், இரண்டு சப்பிலும். ஒன்று வெளியே, மற்றது உள்ளே போனால் பேஸ் ஒன்றையொன்று அழித்துவிடும்.

பவர் வயர் 4 கேஜ், முழுச் செம்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கும். அதே கேஜில் மின்தடை அதிகம், எடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் கட்டாயம். அது ஆம்ப்பைக் காப்பதற்கு அல்ல, கார் தகட்டில் உரசி ஷார்ட்டாகும் வயர் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. ஆம்ப்பில் உள்ள ஃபியூஸ்களின் கூட்டுத்தொகையே அதன் அளவு: 30 ஆம்பியர் இரண்டு இருந்தால் 60. எர்த் வயரும் 4 கேஜ்தான், 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெறும் தகடு தெரிந்த இடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்கு ஒலி கொண்டுவரும் ஆர்சிஏ வயரைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டு வந்தால் எஞ்சின் இரைச்சல் ஏறாது.

ஆம்ப்பின் கெயின் குமிழ் வால்யூம் அல்ல, ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவது. சப் வயரைக் கழற்றி, பேஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளந்து 34.6 வந்ததும் கெயினை நிறுத்துங்கள் (300ஐ 4ஆல் பெருக்கி வர்க்கமூலம்). லோ பாஸ் (அதற்கு மேலான ஒலியைக் குறைக்கும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். பெட்டியில் காற்றுக் குழாய் இருந்தால் மிகத் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் சப்சோனிக் ஃபில்டரைப் பெட்டி டியூன் செய்யப்பட்ட ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தால் சப் வயர்களைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை ஆன் செய்யுங்கள். விளக்கு அணைந்தால் கோளாறு சப் பக்கம்: முனையில் பிரிந்த செம்பு இழை பக்கத்து முனையையோ தகட்டையோ தொடுகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் முதலில் எர்த்தை மறுபடி தேயுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆம்ப்பைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.