ஸ்டிங் ரேயா, ஃபெராரி 308-ஆ?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறேன். வார இறுதியில் ஓட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும். பிறகு விற்கும்போது கையைக் கடிக்கவும் கூடாது. 1960-களின் கார்வெட் ஸ்டிங் ரேயா, ஃபெராரி 308-ஆ?

பதில்: இதுதான் உங்கள் முதல் பழைய கார் என்றால் கார்வெட் வாங்குங்கள். 1963 முதல் 1967 வரை வந்த ஸ்டிங் ரேக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது 327 கன அங்குல வி8 எஞ்சின். கார்வெட்டைத் தயாரிக்கும் ஷெவர்லே இந்த எஞ்சின் குடும்பத்தை 1955-இலிருந்து ஏராளமாகச் செய்து தள்ளியது. அதனால் வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார், உதிரி பாகமும் புதிதாகவே கிடைக்கும்.

இதே வசதிதான் ஏமாற்றுவதற்கும் வழி. தொழிற்சாலையில் பொருத்திய அசல் எஞ்சினோடு இருக்கும் காருக்கு விலை நன்றாக ஏறும். அதனால் வேறு எஞ்சினை மாட்டி, பழைய எண்ணை அழித்துப் புதிதாகக் குத்திவிடுகிறார்கள். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், எஞ்சினின் முக்கிய வார்ப்பான பிளாக்கில் ஒரு சிறிய தட்டையான பரப்பு இருக்கும். காரின் தொழிற்சாலை வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களும் எஞ்சின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய தேதியும் அங்கே இருக்கும். தொழிற்சாலை இயந்திரம் விட்ட மெல்லிய இணைகோடுகள் அந்தப் பரப்பில் தெரிய வேண்டும். வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். பிளாக்கை வார்த்த தேதி, எஞ்சினைப் பூட்டிய தேதி, கார் தயாரான தேதி மூன்றும் இதே வரிசையில் வர வேண்டும். பெரிய 427 எஞ்சின் என்று சொல்லி விற்றால் இரட்டிப்புக் கவனம் தேவை.

பாடி ஃபைபர் கிளாஸ், துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அடியில் சேஸிஸும், கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டமும் இரும்புதான். அந்தத் துருவை வெளியிலிருந்து பார்க்க முடியாது, சரிசெய்யச் செலவும் அதிகம். 1963 கூப்பேயில் மட்டும் பின் கண்ணாடி நடுவில் பட்டையோடு இரண்டாகப் பிரிந்திருக்கும். பின்னால் பார்க்கத் தடை என்று அன்று சிலர் அந்தப் பட்டையை வெட்டி எறிந்து ஒற்றைக் கண்ணாடி போட்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் தேடுவதே அந்தப் பட்டையைத்தான்!

சரி, ஃபெராரி. 308-இல் எஞ்சின் எண்களைவிடப் பராமரிப்பு ரசீதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் நான்கு கேம்ஷாஃப்டுகளையும் ரப்பர் பெல்டுகள் சுழற்றுகின்றன. பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே நாசமாகும். கார் ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் ரப்பர் முதுமையடையும். கிலோமீட்டரைப் பார்க்காமல் சில வருடங்களுக்கு ஒருமுறை பெல்டை மாற்றியே ஆக வேண்டும். "குறைவாக ஓடிய கார்" என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். வருடக்கணக்கில் சும்மா நின்ற 308-ஐவிட, ஒழுங்காக ஓடி ஒழுங்காக சர்வீஸ் ஆன காரே என் தேர்வு.

1977 வரை வந்த ஃபைபர் கிளாஸ் பாடி கார்கள் 712 மட்டுமே, விலையும் அதற்கேற்ப. பின்னால் வந்த இரும்பு பாடிகளில் துரு இருக்கிறதா என்று கதவுகளின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். 1980-இல் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தபோது சக்தி குறைந்தது. 1982-இல் வந்த, சிலிண்டருக்கு நான்கு வால்வு கொண்ட குவாட்ரோவால்வோலே மாடல் அதை ஓரளவு மீட்டது. ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்பதால் 308-களில் அதையே பாருங்கள்.

எதுவானாலும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத நிபுணரை வைத்துச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். 308-க்கு பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.