சாளை தின்னலாம், சுறா வேண்டாம்

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். கணவர் தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர், வீட்டில் சுறாவும் சூரையும் அடிக்கடி உண்டு. மீனில் பாதரசம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றன என்று ஜப்பானின் மினமாட்டா ஊரைக் காட்டி ஒரு வீடியோ வந்தது. எனக்கும் வாயில் உலோக ருசி, முடி கொட்டுகிறது, இரவில் விரல் மரக்கிறது. மீனையும் இரும்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டு, உடலைச் சுத்தப்படுத்தும் பொடி வாங்கிச் சாப்பிடுகிறேன்.

பதில்: பொடியை இன்றே நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கிப் போடாமல் அடுத்த செக்கப்பில் காட்டுங்கள். இப்படி விற்கிற சில பொடிகளிலேயே ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன! இரும்பு மாத்திரையை இன்று இரவே தொடங்குங்கள். இரும்பும் உலோகம்தானே என்று நிறுத்தினீர்கள் போல. ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்று அந்த வீடியோக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

வாய் ருசி கர்ப்பத்தில் சகஜம். முடிக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தால் போதும். காட்மியம் பெரும்பாலும் கணவாய், நண்டின் குடல் பகுதியில்தான் சேரும், அதைக் களைந்து சமையுங்கள். மினமாட்டாவில் 1956-இல் தெரியவந்த நோய், ஒரு ரசாயன ஆலை ஆண்டுக்கணக்காகக் குடாவில் பாதரசக் கழிவைக் கொட்டியதால் வந்தது. அதை உங்கள் சட்டியோடு ஒப்பிட வேண்டாம்.

குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்பதுதான் உங்கள் பயம். பீதியடையும்படி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் சுறா ‘அடிக்கடி’ என்பது எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன மீனில் துளியாக இருக்கும் மெத்தில் பாதரசம் (மீனில் சேரும் பாதரச வகை), அதைத் தின்று பல வருடம் வாழும் சுறா, தளப்பத்து, பெரிய சூரையில் சேர்ந்துகொண்டே போகும். சதையோடு ஒட்டியிருப்பதால் மஞ்சளும் புளியும் போட்டுக் கழுவினாலும் போகாது, கருவாடாக்கினாலும் போகாது. நஞ்சுக்கொடியைத் தாண்டி சிசுவின் மூளைக்கும் போகும். ஆகவே பால் கொடுத்து முடிக்கும்வரை இவை வேண்டாம். பால் சுரக்கும் என்று மாமியார் அன்போடு வைக்கும் சுறாப்புட்டும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நிறுத்தினால் ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய 50 நாளில் பாதியாகும். சாளை, நெத்தோலி, அயிலையை வாரம் இரண்டு மூன்று தடவை தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இனி விரல். தூக்கத்தில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து, உதறினால் சரியாகிறதா? நீர் கோர்த்து மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் போய்விடும். பகலிலும் உதட்டைச் சுற்றியும் இரு கை கால்களிலும் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், பக்கவாட்டுப் பார்வை சுருங்குவது என்றால் விஷயம் வேறு. அன்றே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மீனை எவ்வளவு நாள் தின்றீர்கள், என்ன பொடி சாப்பிட்டீர்கள் என்பதை நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். ரத்தத்தில் பாதரசமும் ஈயமும் பார்க்க வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அதுவரை, வீட்டுக்கு என்று எடுத்து வைக்கிற சுறாவையும் விற்றுவிட்டுச் சாளை வாங்கி வரச் சொல்லுங்கள் கணவரை.