பாடல் மகளுடையது, பதிவு யாருடையது?

கேள்வி: வட கரோலைனாவின் கேரி நகரில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறோம். 25 வயதான எங்கள் மகள் மருத்துவப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கிதாரும் பாஞ்சோ என்ற தந்திக் கருவியும் வாசித்து, ஃபோக், அமெரிக்கானா எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற வகைப் பாடல்களைத் தானே எழுதிப் பாடுகிறாள். ஒரு சிறிய இசைப்பதிவு நிறுவனம், ஆல்பத்துக்கு 15,000 டாலர் செலவிடுவதாகவும், பதிவின் உரிமை முழுவதும் தனக்கே என்றும், வருவாயில் 20 விழுக்காடு அவளுக்கு என்றும் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்திடலாமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்க விரும்புகிறாள். இதில் பிழைக்க வழி உண்டா? நம் பிள்ளையை இந்த இசையுலகம் ஏற்குமா?

பதில்: இப்போதுள்ள வடிவத்தில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். நிறுவனம் நேர்மையற்றது என்று நான் சொல்லவில்லை; இத்தகைய ஒப்பந்தங்கள் இத்துறையில் வழக்கமானவைதான். ஆனால் தானே எழுதிப் பாடும் ஒருவருக்கு முப்பது ஆண்டுகள் சோறு போடக்கூடிய சொத்து எதுவோ, அதையே இந்த ஒப்பந்தம் முதல் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறது.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பாட்டுக்குள் இரண்டு பதிப்புரிமைகள் இருக்கின்றன. சொல்லும் மெட்டும் சேர்ந்த பாடலுக்கு ஒன்று. அதை அவள் பாடிப் பதிந்த ஒலிப்பதிவுக்கு மற்றொன்று. பண்பலை வானொலியில் அவளுடைய பாட்டு ஒலித்தால், பாடலை எழுதியவர் என்ற முறையில் மட்டுமே பணம் வரும். பாடியவருக்கு அங்கே ஒன்றும் கிடையாது. செயற்கைக்கோள் வானொலியிலோ இணைய வானொலியிலோ ஒலித்தால் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்து, 50 விழுக்காட்டைப் பதிவின் உரிமையாளருக்கும், 45 விழுக்காட்டை முதன்மைப் பாடகருக்கும், மீதி 5 விழுக்காட்டைத் துணைக் கலைஞர்களுக்கும் பிரித்துத் தருகிறது. பதிவு அவளுடையதாகவே இருந்தால் 95 விழுக்காடு அவளுக்கு. நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டால் 45 மட்டுமே.

இனி அந்த 20 விழுக்காட்டுக்கு வருகிறேன், ஏனெனில் பெற்றோர் பலர் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் 15,000 டாலர் என்பது பெரும்பாலும் அன்பளிப்பன்று, முன்பணம். அது அவளுடைய பங்கிலிருந்து மட்டுமே கழிக்கப்படும். நூறு டாலர் வசூலானால் அவளுடைய 20 டாலர் கடனில் வரவு வைக்கப்படும், 80 டாலர் நிறுவனத்துக்குப் போகும். இந்தக் கணக்கில் கடன் தீர்வதற்கு மொத்த வசூல் 75,000 டாலரைத் தொட வேண்டும். அந்த நாளில் நிறுவனம் தான் போட்ட 15,000 போக 60,000 டாலரைக் கையில் வைத்திருக்கும், அவளுக்கோ அதுவரை ஒரு சென்ட் கூட வந்திராது. கடன் தீர்ந்த பிறகும் பதிவு நிறுவனத்துடையதே. வீட்டுக் கடனை அடைத்த பின்னும் பத்திரம் வங்கியிடமே இருப்பது போன்ற ஏற்பாடு இது.

ஆகவே மறுப்பதற்குப் பதிலாக மாற்றிக் கேளுங்கள். பதிவின் உரிமை மகளிடமே இருக்க, ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு வெளியிடும் உரிமத்தை மட்டும் நிறுவனத்துக்குத் தருவது முதல் கோரிக்கை. செலவு போக மிஞ்சுவதைச் சரிபாதியாகப் பிரிப்பது இரண்டாவது. சிறிய நிறுவனங்கள் பல இதற்கு உடன்படுகின்றன. பாடலின் உரிமையில், அதாவது எழுதியவருக்கான வருவாயில், நிறுவனம் கை வைக்கக் கூடாது என்பது மூன்றாவது. பதிவை ‘ஒர்க் மேட் ஃபார் ஹயர்’ (கூலிக்குச் செய்த படைப்பு) என்று குறிக்கும் வரி எங்கேனும் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். உரிமையை எழுதிக் கொடுத்த படைப்பாளி 35 ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பப் பெறுவதற்கு அமெரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கூலிக்குச் செய்த படைப்பு என்று ஏற்றுக்கொண்டுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத பிடிவாதம் அன்று. பாடகி ஆனி டிஃபிராங்கோ 1990இல் பஃபலோ நகரில் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கிப் பதிவுகளைத் தானே வெளியிட்டார். பாடகர்கள் கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் இருவரும் 2001இல் தங்கள் சொந்த நிறுவனமான அகோனி ரெக்கார்ட்ஸைத் தொடங்கினர். சிகாகோ அருகே தபால்காரராக இருந்து பாடவந்த ஜான் பிரைன், பெரிய நிறுவனங்களில் பத்தாண்டு கழித்த பின் 1980களில் தன் மேலாளருடனும் நண்பருடனும் ஓ பாய் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார். 2018இல் அதன் வழியே வந்த அவருடைய ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பத் தரவரிசைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தில் நுழைந்தது. அவருடைய வாழ்நாளில் அதுவே மிக உயர்ந்த இடம்.

பிழைப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஸ்ட்ரீமிங் தளங்களை வருமானமாக எண்ண வேண்டாம். அவை அறிமுகச் சீட்டுகள். ஒரு முறை கேட்கப்பட்டால் ஏறக்குறைய ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு தேறும்; ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கிடையாது. இதனுடன் வீட்டுக் கச்சேரியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ரசிகர் தம் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு நண்பர்களை அழைக்கிறார். ஒலிபெருக்கி கூடத் தேவைப்படுவதில்லை. வருபவர்கள் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவருகிறார்கள். தலைக்கு 20 டாலர் வீதம் சேரும் பணம் முழுவதும் பாடகருக்கே போகிறது. நாற்பது பேர் வந்தால் 800 டாலர். அதே தொகையை ஸ்ட்ரீமிங்கில் பெற 2,40,000 முறை கேட்கப்பட வேண்டும். அந்த நாற்பது பேரும் இரண்டு மணி நேரம் கைப்பேசியைத் தொடாமல் அவளுடைய சொற்களைக் கேட்டிருப்பார்கள். சிலர் குறுந்தகடு வாங்குவார்கள். ஒருவர் அடுத்த ஆண்டு தம் வீட்டுக்கு அழைப்பார். இந்த இசை இன்றும் உயிரோடிருப்பது இத்தகைய கூடங்களால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு நோட்டை வைத்து, விரும்புவோரின் மின்னஞ்சல் முகவரியை எழுதி வாங்கச் சொல்லுங்கள். சமூக ஊடகத்தில் சேரும் ஆயிரம் பேரைவிட அந்த நோட்டிலுள்ள நூறு பேர் மேல்.

வேலையை இப்போது விட வேண்டாம். 26 வயது நிறைந்ததும் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் அவளுக்கு இடமிராது. வேலை வழியாக வரும் காப்பீடு அப்போது மிகவும் தேவைப்படும். தனித்தொழில் வருமானத்துக்கு 15.3 விழுக்காடு சுயதொழில் வரியும் தனியே உண்டு. வேலை நேரத்தை வாரத்தில் மூன்று நான்கு நாட்களாகக் குறைக்க முடியுமானால், ரிச்மண்ட், சார்லட், வின்ஸ்டன்-சேலம், ஆஷ்வில் என நான்கு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருக்கும் ஊர்களை வார இறுதிகளில் திரும்பத் திரும்பச் சுற்றி வரலாம். நாடு முழுவதும் ஒரு முறை ஓடுவதைவிட, ஒரே ஊருக்கு ஆண்டில் மூன்று முறை போவது இத்தொழிலில் பயன் தரும். உங்கள் மாநிலத்திலேயே வில்க்ஸ்பரோவில் 1988 முதல் நடக்கும் மெர்ல்ஃபெஸ்ட் விழாவில் பாடலாசிரியர்களுக்குப் போட்டி உண்டு. டெக்சஸின் கெர்வில் விழாவிலும் புதியவர்களுக்குத் தனிப் போட்டி இருக்கிறது. காலம் கடந்துவிடும் என்று மகள் அஞ்சினால், பாஸ்டனில் உணவகம் நடத்திவந்த மேரி கோஷியே தம் முதல் பாடலை 35 வயதில்தான் எழுதினார் என்று சொல்லுங்கள்.

ஏற்பார்களா என்ற உங்கள் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. பாஞ்சோவே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கருவி. பின்னர் வெள்ளையரின் இசை என்றே அது அறியப்பட்டது. கிரீன்ஸ்பரோவில் பிறந்த கறுப்பினப் பாஞ்சோ கலைஞர் ரியானன் கிடன்ஸும் நண்பர்களும், உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய மெபேன் ஊரில் ஜோ தாம்ப்சன் என்ற முதிய கறுப்பின ஃபிடில் (வயலின்) கலைஞரின் வீட்டுக்கே சென்று அமர்ந்து கற்று, அந்த மறைந்த வரலாற்றை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இசையை ஆழமாகக் கற்றுக்கொண்டு வருபவருக்கு அங்கே இடமுண்டு. எல்லா அரங்கும் ஒரே நாளில் திறந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேரியில் வளர்ந்த தமிழ்ப் பெண் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதும் பாட்டும் கரோலைனாவின் பாட்டுதான்.

நிறுவனத்துக்குப் பதில் எழுதுமுன் நான்கு வேலைகளை முடித்துவிடுங்கள். பாடல் பொதுவில் ஒலிப்பதற்கான ராயல்டியை வசூலிக்கும் அஸ்காப் அல்லது பிஎம்ஐ அமைப்பில் அவளைப் பாடலாசிரியராகச் சேர்த்துவிட்டால், சிறிய அரங்கில் தன் பாடலைத் தானே பாடியதற்குக் கூடப் பட்டியல் அனுப்பி ராயல்டி பெறலாம். ஸ்ட்ரீமிங்கில் பாடலுக்கு உரிய இயந்திரப்பதிவு (மெக்கானிக்கல்) ராயல்டியை, அதாவது பாடலை நகலெடுப்பதற்கான தொகையை, 2021 முதல் வசூலித்து வரும் எம்எல்சி அமைப்பிலும், சவுண்ட்எக்ஸ்சேஞ்சிலும் தனித்தனியே பதிய வேண்டும். இன்னும் வெளியிடாத பாடல்களைப் பத்து வரை ஒரே விண்ணப்பத்தில், 85 டாலர் கட்டணத்தில், பதிப்புரிமை அலுவலகத்தில் பதியலாம். பிறகு ஒப்பந்தத்தை இசைத்துறை வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நிறுவனமே பரிந்துரைக்கும் வழக்கறிஞர் வேண்டாம். படித்துப் பார்க்க மூன்று வாரம் வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்த அவகாசத்தைத் தர மறுத்தால் அதுவே உங்களுக்கு வேண்டிய பதில்.