கிளினிக் மலசலகூடம்: கடிதத்தோடு நின்றுவிடாதீர்கள்

தங்கச்சி, மூதூர்ப் பக்கம் உங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில் நடக்கும் தாய் சேய் கிளினிக்கில் மலசலகூடம் இல்லை, பிரதேச சபைக்கு மூன்று கடிதம் கொடுத்தும் பதில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வயிற்றுப் பிள்ளையோடு காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது எவ்வளவு கொடுமை! எங்கள் ஊரிலும் இதே நிலைதான் இருந்தது.

முதலில் மண்டபம் யாருடையது என்று கேளுங்கள். கிளினிக்கை நடத்துவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. கட்டடம் சபையுடையதென்றால் மலசலகூடத்துக்குச் சபைதான் பொறுப்பு. இது தெளிவாகாவிட்டால் இரண்டு பக்கமும் உங்களை அலைக்கழிப்பார்கள்.

அப்புறம், நான்காவது கடிதம் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 'என் கடிதங்களுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், இந்த மண்டபத் திருத்தத்துக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள்' என்று மட்டும் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வராதீர்கள்.

2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சியில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் சபையின் பெண் உறுப்பினர் ஒருவரை, எந்தக் கட்சியானாலும் சரி, கிளினிக் நாளில் வரச்சொல்லுங்கள். அந்த வரிசையை அவர் கண்ணால் பார்க்கட்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள். மேன்முறையீடு தேவைப்பட்டால் எழுத உதவுகிறேன்.