அண்டை நாடுகள் வர்த்தகப் போரில் இறங்கினால் கடைசியில் இழப்பு யாருக்கு?

பொருளாதாரம் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. "ஒரு நாடு விடுவதை இன்னொரு நாடு பிடித்துக்கொள்ளும், சண்டை முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் சரியாகவில்லை.

தாத்தா மலேசியாவின் பினாங்குத் தீவில் தொங்கான் கூலி, அதாவது கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு கொண்டுபோகும் படகில் மூட்டை சுமப்பவர். இந்தோனேசியாவின் சுமத்ரா ரப்பர் இங்கே இறங்கி, தரம் பிரித்து, வேறு கப்பல் ஏறும். அந்த ஏற்றி இறக்கலில்தான் எங்கள் உலை கொதித்தது. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானது. இந்தோனேசிய அதிபர் சுகார்னோ அதை ஏற்கவில்லை. அதே மாதம் இந்தோனேசியா வாணிபத்தையே அறுத்துவிட்டது. அப்பாவுக்கு அப்போது பத்து வயது. சோற்றுத் தூக்கோடு வெல்ட் கீ படகுத்துறைக்குப் போனால், தண்டல் (வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி) பெயர் கூப்பிடாத ஆட்கள் தோளில் கொக்கியோடு வரிசையாகக் குந்தியிருப்பார்களாம். தாத்தா தூக்கைத் திறக்காமலே திருப்பிக் கொடுப்பாராம். "வேலை செய்யாதவனுக்கு எதுக்குடா சோறு, தம்பி தங்கச்சிக்குக் கொடு." அடுத்த வருஷம் அப்பாவின் படிப்பு நின்றது.

அந்தப் பக்கம் மட்டும் வாழ்ந்ததா? 1966இல் இந்தோனேசியாவில் விலைவாசி 600 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, சண்டைக்கு வராதீர்கள்.

1966 ஆகஸ்டில் சமாதானம் ஆனது. சரக்கு பழையபடி திரும்பவில்லை. மூன்று வருஷத்தில் விற்பவனும் வாங்குபவனும் வேறு வழி பழகிவிட்டார்கள். அதனால் தடை நீங்கிய தேதியோடு பாதிப்பும் முடிந்தது என்று தயவுசெய்து கணக்கு எழுதாதீர்கள். பினாங்குக்கு 1786இல் தொடங்கிய சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியும் 1969இல் போனது. அதற்கும் கொன்ஃப்ரொன்தாசி என்ற அந்த மூன்று வருஷ மோதல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. விழுந்தவன் மேல் இன்னொரு மூட்டை விழுந்தது, அவ்வளவுதான். 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது. என் அத்தைமார் சேர்ந்தார்கள். ஐம்பது தாண்டிய சுமைகூலிக்கு அங்கே என்ன வேலை?

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாத்தாவிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாமல் இங்கே தங்கியிருப்பவருக்கான அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. முப்பது வருஷம் இந்தத் துறைமுகத்தைச் சுமந்த மனுஷனிடம் பெர்மிட் கேட்டார்கள். 1970இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போனார். பாட்டி பிள்ளைகளோடு இங்கேயே நின்றுவிட்டார். திரும்பி வந்தால் வேலைக்கு வேண்டும் என்று கொக்கியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். பாட்டி சாகும்வரை அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.