நாட்டுக் கெளுத்திக்குத் தவிடும் புண்ணாக்கும் போதுமா?

மாதவரத்தில் சிமென்ட் தொட்டியில் நாட்டுக் கெளுத்தி விட்டிருக்கிறேன், தவிடும் கடலைப் புண்ணாக்கும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க. குளத்துக் கெண்டைக்கு அது சரி. கெளுத்தி புழு, பூச்சி, சிறுமீன் தின்று வளர்வது. குஞ்சுக்குத் தீவனத்தில் 40 சதவீதம் வரை புரதம் வேண்டும். வளர்ந்தபின் 30–35 போதும். உப்புப் போடாத கருவாட்டை அரைத்துச் சேருங்கள்.

அப்புறம் வைட்டமின் சி. அது குறைந்தால் முதுகெலும்பு வளையும். மேலிருந்து பார்க்கும்போது வால் ஒருபக்கம் கோணிக்கொண்டு நிற்கும், பார்க்கவே மனசு கேட்காது. வெந்தால் இந்த வைட்டமின் வீணாகும், தீவனம் ஆறியபின் கலக்கவும்.

இரவில் இரை தேடும் மீன், பெரும்பங்கை அந்திக்குமேல் போடுங்கள். பசித்தால் பெரிய குஞ்சு சின்னதைத் தின்றுவிடும். கோழிக்கழிவு மட்டும் தயவுசெய்து வேண்டாம், தண்ணீர் நாறிவிடும்.