வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: கீழாநெல்லியா, மாத்திரையா?

கேள்வி: 28 வயதுத் தம்பிக்கு மஞ்சள் காமாலை. ரத்தத்தில் பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறமி) 7. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிச் சத்து மாத்திரை மட்டும் தந்தார். கீழாநெல்லி கொடுத்தால் போதும் என்கிறார்கள் ஊரில். ஆங்கில மருத்துவத்தில் இதற்கு மருந்தே இல்லையா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: காமாலை ஒரு அறிகுறிதான். எதனால் வந்தது என்று தெரியாமல் கீழாநெல்லியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ என்றால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அதனால்தான் டாக்டர் மாத்திரை அடுக்கவில்லை. அந்த வாரங்களில் கீழாநெல்லி குடித்தவருக்கும் இறங்கும், குடிக்காதவருக்கும் இறங்கும். நல்ல பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும்.

மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போகிறதா? உடம்பெல்லாம் அரிக்கிறதா? அப்படியானால் பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம். உடனே வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். எந்தச் சாறும் அந்த அடைப்பை எடுக்காது. பித்தக்குழாய் அடைப்பில் சீழ் பிடித்துக் குளிர் காய்ச்சல் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று எச்பிஎஸ்ஏஜி பரிசோதனையில் தெரியும். கீழாநெல்லியின் புகழுக்குப் பெரிய காரணம் இந்த நோய்தான். சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி-யின் அந்த எச்பிஎஸ்ஏஜி அடையாளம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பின்னால் வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. ஆகவே பி கிருமி இருந்து ஆறு மாதமாகியும் போகவில்லை என்றால், வைரஸை அடக்கும் மாத்திரை தேவையா என்பதைக் கல்லீரல் மருத்துவரிடம் கேளுங்கள்.

தம்பிக்கு இப்போது ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்த்தார்களா? பிலிருபினைவிட அதுதான் கல்லீரலின் நிலையைச் சொல்லும். 1.5-ஐத் தாண்டினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்து பேச்சுத் தடுமாறினாலோ, நிற்காமல் வாந்தி எடுத்தாலோ அன்றே சேர்க்க வேண்டும். உப்பில்லாக் கஞ்சிப் பத்தியம் வேண்டாம், பசிக்கும் அளவு வழக்கமான சாப்பாடு கொடுங்கள். மது கூடவே கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால்கூட டாக்டரைக் கேட்டே.

கேள்வி: சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறேன். எச்பிஏ1சி (சராசரிச் சர்க்கரை காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.2. சிறுகுறிஞ்சான் சூரணம் ஆரம்பித்து, மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிறுத்த வேண்டாம். சேர்ப்பதானால் மாத்திரை தரும் மருத்துவர், சூரணம் தரும் மருத்துவர் இருவருக்கும் சொல்லிவிட்டுச் சேருங்கள். சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது, கிளிமெபிரைடும் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் சாப்பாடு தள்ளிப்போன நாளில் வியர்த்து, கை நடுங்கி, ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். அப்படியானால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. (சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாக்கில் இனிப்புத் தெரியாமல் போகும். அது நாக்கின் சங்கதி, ரத்தச் சர்க்கரை குறைந்ததற்கு அடையாளமல்ல.)

முதல் இரண்டு வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் எழுதி வையுங்கள். எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி; அதற்குள் எடுத்துப் பார்த்து "வேலை செய்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். மாறாக, பெயரில்லாத பொட்டலச் சூரணம் இரண்டே நாளில் தடாலென்று இறக்கினால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டவற்றில் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கிலச் சர்க்கரை மருந்து கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. மூட்டுவலிப் பொடியில் ஸ்டீராய்டு கலப்பதும் இதே வகை. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை ஒரு நாள்கூட விடக்கூடாது, உயிர் போகும்.

கேள்வி: சித்த மருத்துவத்தின் செந்தூரம் (உலோகம், தாது சேர்ந்த சிவப்புப் பொடி) சாப்பிட்டால் சிறுநீரகம் கெடுமா?
– வாசகர், நெல்லை

பதில்: எந்தச் செந்தூரம் என்பதைப் பொறுத்தது. அயச்செந்தூரத்தில் இரும்பு, லிங்கச் செந்தூரத்தில் பாதரசம், தாளகம் சேர்ந்ததில் ஆர்சனிக். முறைப்படி புடம் போட்டாலும் (நெருப்பில் சுட்டு எடுத்தாலும்) உலோகம் உலோகம்தான், அளவும் நாளும் முக்கியம். கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏற்கெனவே ஏறியிருந்தால் உலோகம், பாஷாணம் (நச்சுத் தாது) உள்ள மருந்தே வேண்டாம். மற்றவர்கள் தொடங்குமுன் ஒரு முறையும், பிறகு மாதம் ஒரு முறையும் கிரியேட்டினின் பாருங்கள். டப்பாவில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். நச்சுப் பொருள் சேர்ந்த மருந்தில் மருத்துவ மேற்பார்வை எச்சரிக்கையும் இருக்க வேண்டும். மருந்து தருபவர் பிஎஸ்எம்எஸ் என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துப் பதிவு பெற்றவரா என்று கேட்பது தவறல்ல. சர்க்கரை, புற்றுநோய் இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரையும் கஷாயமும் சேர்த்துச் சாப்பிடலாமா?
– வாசகி, கோவை

பதில்: காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின். ஒரு மணி நேரம் கழித்துக் காபியோ கஷாயமோ. அயச்செந்தூரம், சிப்பி அல்லது சங்கு பற்பம் இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளுங்கள். இரும்பும் சுண்ணாம்பும் மாத்திரையைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். கஷாயம் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.